நெடுநெடுவென வளர்ந்த பிகோனியா: நுனியைக் கிள்ளுவதா, அடியில் வெட்டுவதா? தண்ணீரா, கலவையா?

ஏஞ்சல் விங் பிகோனியாவை இரண்டு மூன்று வருடம் வெட்டாமல் விட்டால் அநேகமாக இந்த நிலைக்குத்தான் வரும். மூங்கில் போலக் கணுக்கணுவாக மூன்றடித் தண்டு, உச்சியில் நாலைந்து இலை, ஒரு கொத்துப் பூ, கீழே முழுக்க மொட்டை. வெளிச்சம் போதவில்லை, வேர் தொட்டியை அடைத்துவிட்டது, மண் ஒரு வாரம் சொதசொதவென்றும் ஒரு வாரம் வறண்டும் கிடந்தது என்று இலை உதிரக் காரணங்கள் பல. எதுவானாலும் உதிர்ந்த இலை அதே இடத்தில் திரும்ப வராது. பக்கக்கிளை வெடித்தால்தான் அடி நிரம்பும்.

கத்தியை எடுக்கும் முன் ஒரு தண்டைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் கடுகளவு ஒரு மொட்டு புடைத்திருக்கும். இலை உதிர்ந்த கணுவானால், அந்த வடுவுக்குச் சற்று மேலே இருக்கும். அது துளிராகவும் ஆகலாம், பூங்கொத்தாகவும் ஆகலாம். ஒருமுறை பூத்துவிட்ட கக்கத்தில் காய்ந்த காம்போ அது விழுந்த தழும்போதான் மிச்சம், அங்கிருந்து கிளை வருவது அரிது. எங்கே வெட்டுவது, எதை நடுவது என்ற இரண்டு கேள்விக்கும் விடை இந்தக் கக்கத்தில்தான் இருக்கிறது. பலரும் இதைப் பார்க்காமலே வெட்டுகிறார்கள்.

நுனி கிள்ளுவது பயமில்லாத வேலை. பூவும் அதிகம் போகாது. உச்சிக்குருத்து இருக்கும்வரை அதிலிருந்து கீழிறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் அடி மொட்டுகளைத் தூங்க வைத்திருக்கும். குருத்தை எடுத்தால் அந்தப் பிடி தளரும். ஆனால் முதலில் விழித்துக்கொள்வது வெட்டுக்கு அடுத்துள்ள ஒன்றிரண்டு கணுக்கள்தான். மூன்றடி உயரத்தில் கிள்ளினால் மூன்றடி உயரத்தில்தான் கிளை வரும், தலை கனத்துத் தண்டு சாயும். போதாக்குறைக்கு, மேல்கணுக்களில் பாதி ஏற்கெனவே பூத்திருக்கும். மூன்று நான்கு இலை விட்ட இளந்துளிருக்குத்தான் கிள்ளுதல் ஏற்றது. நெடுநாள் வளர்ந்த செடிக்கு அது வைத்தியமே இல்லை.

அடிக்கவாத்து என்றால் மண்ணிலிருந்து இரண்டு மூன்று கணுக்களை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடுவது. கீழ்க்கணுக்கள் பெரும்பாலும் பூக்காதவை என்பதால் துளிர் அங்கே வெடிக்க வாய்ப்பு அதிகம். ஸ்பிரிட்டால் துடைத்த கூர்மையான பிளேடால், கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே வெட்டுங்கள். கணுவுக்கு மேலே நீளமாக விட்ட மிச்சத்தண்டு அழுகி, அந்த அழுகல் கீழே இறங்கும். சில மாதம் பூ இருக்காது, அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இந்த முறையில் செடி சாவது பெரும்பாலும் வெட்டினால் அல்ல, வெட்டிய பிறகு ஊற்றும் தண்ணீரால். இலை போனபின் வேர் குடிப்பது வெகுவாகக் குறையும், பழைய கணக்கில் ஊற்றினால் வேர் அழுகும். மேல்மண் இரண்டு சென்டிமீட்டர் காய்ந்தபிறகே ஊற்றுங்கள். துளிரில் இரண்டு இலை விரியும்வரை உரம் வேண்டாம்.

வளரும் பருவத்தின் தொடக்கம், வேர் வலுவான செடி என்றால் எங்கள் தேர்வு அடிக்கவாத்துதான். செடி நலிந்திருந்தால் தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டி, அதில் துளிர் கண்டபின் அடுத்ததைத் தொடுங்கள். எந்த வெட்டாக இருந்தாலும் செடி நல்ல வெளிச்சமுள்ள ஜன்னலுக்கு மாறவில்லை என்றால் புதுத்தண்டும் அதேபோல் நீளும்.

வெட்டிய தண்டைத் தூக்கி எறியத் தேவையில்லை. புதுச்செடி வளர்க்க நுனியிலிருந்து பத்து சென்டிமீட்டர், இரண்டு மூன்று கணுவோடு ஒரு துண்டு போதும். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கீழிலைகளையும் பூ, மொட்டுகளையும் எடுத்துவிட்டு, மேலே இரண்டு இலை விடுங்கள். பூக்காத கக்கம் ஒன்றாவது, முடிந்தால் மண்ணுக்குள் போகும் கணுவிலேயே, இருக்க வேண்டும். எல்லாக் கக்கமும் பூத்து முடித்த துண்டும் வேர் விடும், இலையும் பச்சையாக நிற்கும், ஆனால் கிளைக்காமல் ஒற்றைக் குச்சியாகவே கிடக்கும்.

தண்ணீரில் வைப்பதன் பெரிய வசதி, நடப்பது கண்ணுக்குத் தெரியும். ஒரு கணு மட்டும் முழுகட்டும், இலை தண்ணீரைத் தொடக்கூடாது. மூன்று நாளுக்கொருமுறை தண்ணீரை மாற்றுங்கள். கணுவைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள் எழும்பி, இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் வேராக நீளும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆனதுமே நட்டுவிடுங்கள். அழகாக இருக்கிறதே என்று பத்து சென்டிமீட்டர் வரை விட்டுவைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. தண்ணீரில் வளர்ந்த வேர் எளிதில் ஒடியும், மண்ணுக்குப் பழக நாளாகும். நட்ட முதல் பத்து நாள் கலவை காயாமல் பார்த்துக்கொள்ளாவிட்டால் செடி தொய்ந்துபோகும்.

கலவையில் நட்டால் இந்த இடமாற்ற அதிர்ச்சி கிட்டத்தட்ட இல்லை. கோகோபீட்டும் (தேங்காய்நார்த் தூள்) பெர்லைட்டும் (இலேசான வெள்ளைக் கனிமத் துகள்) சம அளவு எடுத்து நனைத்து, கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு விழும் ஈரத்தில் நிரப்புங்கள். பென்சிலால் குழி போட்டபின் துண்டைச் செருகுங்கள், நேராகக் குத்தினால் தண்டின் தோல் உரியும். ஹார்மோன் பவுடர் இல்லாமலே பிகோனியா வேர்பிடிக்கும். மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துத் தினமும் சிறிது நேரம் திறந்து வையுங்கள், இல்லையேல் சாம்பல் பூஞ்சணம் பிடித்துத் தண்டு கருத்துக் குழைந்துவிடும். மூன்று நான்கு வாரம் கழித்து மெல்ல இழுத்தால் எதிர்ப்பு தெரியும். உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாத பொறுமையின்மையில் பிடுங்கிப் பார்ப்பவர்கள் தண்ணீரிலேயே வைப்பது நல்லது. மற்றவர்களுக்குக் கலவை, தயங்காமல்.

விண்பதியன், அதாவது தண்டை வெட்டாமல் செடியிலேயே பாசி சுற்றிக் கட்டி வேர்விட வைப்பது, இந்தச் செடிக்கு வீண்வேலை, இவ்வளவு எளிதில் வேர்விடும் தண்டுக்கு பாசியும் கட்டும் எதற்கு? ஒற்றை இலையை நடுவது ரெக்ஸ் பிகோனியா வகைக்குப் பலிக்கும். இதில் இலை வேர்விட்டாலும் பெரும்பாலும் செடியாகாது.

நடுத்தண்டின் மொட்டைத் துண்டுகளையும் விட வேண்டாம். ஈரக் கலவைமேல் படுக்கவைத்துப் பாதி புதையுங்கள், பூக்காத கணு இருந்தால் துளிர் வரும். பூனை, நாய் கடிக்காத இடத்தில் வையுங்கள், பிகோனியா அவற்றுக்கு நஞ்சு. வேர்பிடித்ததில் மூன்று நான்கை ஒரே பத்து சென்டிமீட்டர் தொட்டியில் சேர்த்து நட்டு, ஒவ்வொன்றும் நான்கு இலை விட்டதும் நுனியைக் கிள்ளுங்கள். கிள்ளுதலுக்கு உரிய நேரம் அதுதான்.