கொலையாளி மேடையிலா, பக்கத்து நாற்காலியிலா? மர்ம டின்னர் ஷோக்கள் ஓர் அலசல்

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் யாராவது 'மர்டர் மிஸ்டரி டின்னர்', அதாவது விருந்துக்கு நடுவே ஒரு கொலைக் கதையை நடித்துக்காட்டி, கொலையாளி யார் என்று வந்தவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லும் நிகழ்ச்சி, போகலாமா என்று கேட்டால், எந்த மாதிரி டின்னர் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு இரண்டு வகை நடக்கிறது, அதையொட்டி இன்னும் இரண்டு இருக்கிறது. ஒன்றில் நடிகர்கள் சாதாரண உடையில், விருந்துக்கு வந்தவர்களோடு கலந்து உட்கார்ந்திருப்பார்கள், யார் நடிகர் என்றே தெரியாது. இன்னொன்றில் மேடையில் வேஷம் போட்டு நடிப்பார்கள், நடுவில் சாப்பாடு வரும். மூன்றாவதில் சாப்பாடு கிடையாது, தியேட்டர்தான், ஆனால் பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம். நான்காவது, கடையில் விற்கும் விளையாட்டுப் பெட்டி வாங்கிவந்து வீட்டிலேயே ஆடுவது. நாலையும் பார்த்தாயிற்று. என் ஓட்டு முதல் வகைக்கு. கீழே அதற்குத்தான் அதிக இடம் போகப்போகிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

டிக்கெட் விலை ஊருக்கு ஊர் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெட்டிதான் மலிவு, அதில் சந்தேகமே இல்லை. சாப்பாட்டுக்காக மட்டும் எந்த ஷோவுக்கும் போகாதீர்கள். சைவம் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். ஓர் இடத்தில் முன்கூட்டியே சொல்லியும் எனக்கு வந்தது வேகவைத்த கேரட்டும் ப்ராக்கலியும் ஒரு குவியல், பக்கத்தில் ஒரு பன். உப்பு கேட்டு வாங்கிக்கொண்டேன். சரி, அதை விடுங்கள்.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே ஒரு விஷயம்தான்: நாம் சாப்பிடுகிற நேரத்தில் கதை என்ன ஆகிறது? இரண்டரை மணி நேர நிகழ்ச்சி என்றால் அதில் பெரும்பகுதி தட்டு வருவதும், சாப்பிடுவதும், தட்டு எடுப்பதுமாகப் போய்விடுகிறது. அந்த நேரத்தில் கதை நின்றுபோனால் நீங்கள் காசு கொடுத்தது ஒரு சுமாரான நாடகத்துக்கும் ஒரு சுமாரான சாப்பாட்டுக்கும். அந்த நேரத்திலும் கதை ஓடினால்தான் இது வேறு சமாச்சாரம்.

ஒளிந்திருக்கும் நடிகர்கள் வகையில், அமெரிக்காவில் நிறையப் பேருக்குத் தெரிந்த பெயர் 'தி டின்னர் டிடெக்டிவ்'. 2004இல் லாஸ் ஏஞ்சலஸில் ஆரம்பித்து, இப்போது பல நகரங்களில் ஹோட்டல் ஹால்களில் நடத்துகிறார்கள். விருந்தாளிகளோடு நடிகர்களைக் கலந்துவிடும் இந்த யோசனை அதற்கும் பழையது. 1981இல் இங்கிலாந்தில் ஜாய் ஸ்விஃப்ட் என்பவர் ஹோட்டலில் ஒரு வார இறுதி முழுக்க நடக்கும் கொலை மர்மங்களை நடத்த ஆரம்பித்தார். அதைத்தான் பின்னால் வந்தவர்கள் ஒரு ராத்திரிக்குச் சுருக்கிக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

உள்ளே நுழைந்ததும் ஒரு பெயர் ஒட்டி கொடுத்து, சொந்தப் பெயரை எழுதாதே, ஏதாவது புனைபெயர் எழுது என்கிறார்கள். நான் 'மைக்' என்று எழுதிக்கொண்டேன். இந்த ஊருக்கு வந்தபிறகு என் பெயரை எல்லோரும் ஒரே தடவையில் சரியாகச் சொன்ன ராத்திரி அதுதான். வட்ட மேஜை, மனைவியையும் என்னையும் தவிர மற்ற எல்லோரும் முன்பின் தெரியாதவர்கள். எதிரே ஓர் அம்மாள், பல் டாக்டர் என்றார். பன்னைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிள்ளி, ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக வெண்ணெய் தடவிச் சாப்பிட்டார். அவ்வளவு நிதானமாக யாராவது பன் சாப்பிடுவார்களா, இது நடிப்புதான் என்று மேஜையே முடிவுகட்டிவிட்டது. ஆளுக்கு ஆள் பல் சம்பந்தமாகக் கேள்வி கேட்டு மடக்கப் பார்த்தார்கள். அவர் ரூட் கெனால் எப்படிச் செய்வது என்று சாலட் முடியும்வரை விளக்கினார். கடைசியில் பார்த்தால் அவர் நிஜமாகவே பல் டாக்டர்.

அடுத்தது நான். எந்த ஊர் என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். திண்டுக்கல் என்றேன், அவருக்குத் தெரியவில்லை, அதனால் பூட்டுக்குப் பேர்போன ஊர், அந்தக் காலத்தில் தெருவுக்குத் தெரு பூட்டு செய்தார்கள் என்று பெருமையாகச் சொல்லி வைத்தேன். அவர் தலையாட்டிவிட்டு, கையிலிருந்த துப்புத் தாளில் என் பெயருக்கு நேராக 'பூட்டு தெரிந்தவர்' என்று எழுதி இரண்டு கோடு போட்டார். கொஞ்ச நேரத்தில் துப்பறியும் அதிகாரியாக வந்த நடிகர் என்னை எழுப்பி நிற்கவைத்து விசாரித்தபோது, இந்த மனிதர் எழுந்து நின்று அதைச் சாட்சியமாகவே சொல்லிவிட்டார். ஹாலே சிரித்தது. இதில் எந்த வரியும் அவர்கள் எழுதி வைத்த வசனம் இல்லை, கொலைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் சாப்பாட்டு நேரம் முழுக்க மேஜையில் ஒருவர்கூட போனை எடுக்கவில்லை. நான் சொல்லவந்தது இதைத்தான். பக்கத்தில் இருப்பவர் யார் என்ற சந்தேகம் இருக்கும்வரை, உப்பை நகர்த்துங்கள் என்று கேட்பதுகூட விசாரணைதான். நடிகர்கள் கண்ணில் படாத நேரத்திலும் நாடகம் நடந்துகொண்டே இருக்கிறது.

கடைசியில் யார் கொலையாளி, ஏன் செய்தார் என்று ஆளாளுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும், நெருங்கி வந்தவருக்குப் பரிசு. என் விடை பரிசுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. துப்பை வைத்து யோசித்துக் கண்டுபிடிக்கிற கதையா என்றால், பாதிதான். நகைச்சுவைக்குத்தான் முதலிடம். கறாரான புதிர் வேண்டும் என்கிறவர்களுக்கு இது உதைக்கும்.

மேடை வகைக்கு நல்ல உதாரணம் ஆர்லாண்டோவில், இன்டர்நேஷனல் டிரைவில் இருக்கும் 'ஸ்லூத்ஸ்'. முதலில் கதாபாத்திரங்கள் வந்து நடிக்கிறார்கள், ஒருவர் கொல்லப்படுகிறார், அப்புறம் சாப்பாடு, அதன் பிறகு மேஜைக்கு மேஜை கேள்வி கேட்கலாம், பிறகு விடை. சாப்பாட்டு நேரத்தில் மேஜையில் உள்ளவர்கள் கூடிப் பேசி, என்ன கேட்பது, யார் எழுந்து கேட்பது என்று முடிவுசெய்ய வேண்டும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்தப் பேச்சு பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது, மிச்ச நேரம் வெறும் சாப்பாடு. எங்கள் மேஜையில் கோழி வந்ததும் எல்லோரும் டிஸ்னி வரிசை எவ்வளவு நீளம் என்ற பேச்சுக்குப் போய்விட்டார்கள். அங்கே பல கதைகளை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், நான் பார்த்தது ஒன்றுதான், மற்றவை இதைவிட இறுக்கமாக இருக்கலாம். ஆனால் பிள்ளைகளோடு போகிறீர்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள் என்றால் யோசிக்காமல் இதற்கே போங்கள். யார் நடிகர் என்பது தெளிவு, வேஷமும் கூத்தும் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது, ஆங்கிலத்தில் பாதிச் சிலேடை புரியாவிட்டாலும் உட்கார்ந்து ரசிக்கலாம், யாரும் அவர்களை எழுப்பி நிற்கவைத்துக் கேள்வி கேட்கப்போவதில்லை. ஒளிந்திருக்கும் வகைக்குப் பெரியவர்களை நான் கூட்டிப்போனதில்லை. கலகலப்பான மாமா ஒருவர் அமைந்தால் பிரமாதமாகப் போகும் என்றுதான் நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியாது.

தியேட்டர் வகையில் 'ஷியர் மேட்னஸ்' பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பால் பொர்ட்னர் என்பவர் ஜெர்மன் மொழியில் எழுதிய நாடகத்திலிருந்து வந்தது. பாஸ்டனில் 1980இல் ஆரம்பித்து 2020 வரை ஓடியது, வாஷிங்டன் கென்னடி சென்டரில் 1987இல் தொடங்கியது. முடி திருத்தும் கடைதான் களம், மாடியில் குடியிருக்கும் பியானோக் கலைஞர் கொல்லப்படுகிறார். அதன் பிறகு துப்பறியும் அதிகாரியாக வரும் பாத்திரம் விளக்கைப் போடச் சொல்லி, நடந்ததை எல்லாம் திரும்ப நடித்துக்காட்டச் சொல்வார். சந்தேகப் பேர்வழிகள் எதையாவது விட்டுவிட்டால், "பொய், கத்திரியை எடுத்தாயே!" என்று நாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தலாம். கடைசியில் வாக்கெடுப்பு, யாருக்கு அதிக ஓட்டோ அவரே கொலையாளி, முடிவும் அதற்கேற்ப மாறும். பார்த்ததை ஞாபகம் வைத்துக்கொண்டு மடக்குகிற சுகத்துக்கு இதற்கு இணை இல்லை. வெளியே நல்ல ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு இதைப் பார்ப்பது உண்மையில் புத்திசாலித்தனமான வழி. ஆனால் பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேச இடமே இல்லை, அதனால்தான் எனக்கு இது இரண்டாம் இடம்.

வீட்டுப் பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். 1985இல் வந்த 'ஹௌ டு ஹோஸ்ட் எ மர்டர்' வரிசைதான் இதில் பழைய பெயர், எட்டுப் பேர், ஆளுக்கொரு பாத்திரம், ஆளுக்கொரு சிறு புத்தகம். சுற்றுக்குச் சுற்று தன் பங்கு விவரத்தைப் படித்து மற்றவர்களை மாட்டிவிட வேண்டும். தெரிந்தவர்கள் என்பதால் கூச்சம் இல்லை, அது பெரிய லாபம். ஆனால் என் அளவுகோலில் இது தோற்பதும் சாப்பாட்டு நேரத்தில்தான். பரிமாறுகிறவர் விளையாட முடியாது. எங்கள் வீட்டில் ஆடியபோது மனைவிக்குப் பணக்கார விதவை வேஷம், பாவம், தோசைக்கல்லுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே வாக்குமூலம் கொடுத்தாள், முக்கியமான துப்பு ஒன்று மிக்ஸி சத்தத்தில் போய்விட்டது. எட்டில் ஒரு குடும்பம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வராமல் போனால் இரண்டு பாத்திரம் காலி. விடை தெரிந்தபிறகு அந்தப் பெட்டி நமக்கு உதவாது, வேறு யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதான். ஆட நினைத்தால் சாப்பாட்டை வெளியிலிருந்து வரவழைத்துவிடுங்கள்.

முதல் வகைக்கே போவதென்று முடிவெடுத்தால் ஒரு விஷயம். நம் ஆட்கள் எட்டுப் பேராகச் சேர்ந்து போய் ஒரு மேஜை முழுக்கப் பிடித்துக்கொள்வார்கள். அப்படிச் செய்தால் பக்கத்தில் இருப்பவர் யார் என்ற சந்தேகமே எழாது, தமிழில் வீட்டுக் கடனைப் பற்றிப் பேசிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வருவீர்கள். இரண்டு இரண்டு பேராகப் பிரித்து வேறு வேறு மேஜையில் உட்காரவைக்கச் சொல்லி, டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.