தவணையில் ஃபீஸ் கட்டலாம் என்றால் உஷார்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நாற்பதைத் தாண்டியவர்கள் யாராவது புது வேலைக்கென்று பயிற்சி மையத்தில் சேர நினைத்தால், இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எனக்கு 44 வயது. புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் பதினேழு வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். போன வருடம் வந்த பையனை மேனேஜர் ஆக்கினார்கள். மனசு ஆறவில்லை. அந்த வாரமே காரைக்குடியில் ஒரு மையத்தின் படியேறினேன்.

ஆறு மாத வகுப்பு, எக்செல், இன்டர்வியூ பயிற்சி, முடித்தால் வேலை உறுதி என்றார்கள். ஃபீஸ் 48,000. "மொத்தமா வேண்டாம் மேடம், மாசம் 4,000 கட்டுங்க, வட்டியே கிடையாது." ஆதார், பான், பாஸ்புக் நகல் வாங்கி, செல்ஃபியும் எடுத்தார்கள். அட்மிஷனுக்கு என்று சொல்லி மூன்று ஓடிபி. மையத்தில் இருந்த பெண்ணே என் போனை வாங்கித் தட்டிவிட்டாள். படிக்கும் கண்ணாடி அன்று கையில் இல்லை, நானும் கொடுத்துவிட்டேன்.

ஏழாவது வாரம் மையம் பூட்டிக் கிடந்தது. போன் எடுக்கவில்லை. ஆனால் 5ஆம் தேதி ஆனால் கணக்கிலிருந்து 4,000 போய்விடுகிறது. பேங்கில் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. அது ஃபீஸ் தவணையே இல்லை. ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் என் பேரில் கடன் போட்டு, முழுப் பணத்தையும் மையம் அன்றைக்கே வாங்கிவிட்டது. கட்டாமல் விட்டால் என் சிபில், அதாவது கடன் மதிப்பெண்தான் அடிபடும். மகனுக்குக் கல்விக் கடன் கேட்க வேண்டிய நேரம் இது.

கையெழுத்துக்கு முன்னால் "இது என் பேரில் கடனா?" என்று நேராகக் கேளுங்கள். ஓடிபி வரும் எஸ்எம்எஸ்ஸை முழுசாகப் படியுங்கள். கடன் என்றால் வட்டி, கட்டணம் எல்லாம் போட்ட விவர அறிக்கையைக் கம்பெனி தந்தாக வேண்டும். டிஜிட்டல் கடனில், ஆரம்பத்தில் குறிப்பிட்ட நாளுக்குள் அசலையும் அதுவரைக்கான வட்டியையும் கொடுத்து அபராதமில்லாமல் வெளியே வரலாம். எனக்கு அது தெரியும்போது நாள் கடந்துவிட்டது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் சொல்லியிருக்கிறேன். ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் கொடுத்தாயிற்று. 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) போகலாம், செலவில்லை. 5 லட்சம் வரை நுகர்வோர் ஆணையத்தில் மனு போடவும் கட்டணம் கிடையாது.

அப்புறம், எக்செல்லில் கணக்கைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளை, மேனேஜர் ஆன அந்தப் பையனிடமே கேட்டேன். "இதுக்கா அக்கா அவ்வளவு பணம் கட்டினீங்க?" என்று பதறிப்போய், நெல் கொள்முதல் கணக்கை வைத்தே இருபது நிமிடத்தில் சொல்லிக் கொடுத்தான். அவனிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம்.

இதே மாதிரி மாட்டியவர்கள் ரசீது, எஸ்எம்எஸ் எதையும் அழிக்காமல் எனக்கு எழுதுங்கள். சேர்ந்தே மனு போடலாம்.