பேச்சுப் போட்டியா, கட்டண வகுப்பா, பள்ளிக்குள் பேச்சு வட்டமா?

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாலு பேர் முன்னால் பேசக் கற்றுத் தர, கோத்தகிரி, குன்னூர் பக்கம் மூன்று வழிகள் இருக்கின்றன. பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்யலாம். சனி, ஞாயிறு கட்டண வகுப்பில் சேர்க்கலாம். இல்லாவிட்டால் பள்ளிக்குள்ளேயே சிறு குழு அமைத்து வாரம் தவறாமல் பேச வைக்கலாம். எங்கள் பள்ளியில் மூன்றாவதைத்தான் எடுத்துக்கொண்டோம். நான் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

முதலில் பேச்சுப் போட்டி. இதற்கென்று ஒரு மதிப்பு இருக்கிறது. அண்ணா, பெரியார், அம்பேத்கர், காந்தி, நேரு ஆகியோரின் பிறந்தநாளை ஒட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்ட அளவில் போட்டி நடத்துகிறது. முதல் மூன்று பரிசுகள் 5,000, 3,000, 2,000 ரூபாய். அரசுப் பள்ளி மாணவர்கள் இருவருக்குத் தனியாகச் சிறப்புப் பரிசும் உண்டு. ஓர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தப் பணமும் சான்றிதழும் பெரிய விஷயம். நல்ல தமிழ் வாயில் பழகும், உச்சரிப்பு திருந்தும். ஆனால் ஒரு பள்ளியிலிருந்து போவது ஒருவரோ இருவரோதான். அவர்களும் ஏற்கெனவே கூச்சமில்லாமல் பேசுகிறவர்கள். பெரும்பாலும் ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். நடுவில் ஒரு வரி மறந்தால் அடுத்த வரி வராது, பிள்ளை மேடையிலேயே உறைந்துவிடும்.

கட்டண வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் பேசவும், நேர்காணலில் உட்காரவும், கை கால்களை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கும் நல்ல பயிற்சி கிடைக்கிறது. ஃபீஸ் கட்ட முடிந்து, விடுமுறை நாளில் பஸ் ஏற்றிக் கூட்டிப் போக வீட்டில் ஆளும் இருந்தால் பரவாயில்லை. தோட்ட வேலைக்குப் போகிற பெற்றோருக்கு இரண்டுமே கஷ்டம்.

இந்த மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் பார்க்கிறேன்: ஒரு பிள்ளைக்கு மாதத்தில் எத்தனை முறை எழுந்து நின்று பேசும் வாய்ப்பு வருகிறது? முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேர வகுப்பில் பயிற்சியாளர் பாதி நேரம் பேசினால், மீதியைப் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு நிமிடம். போட்டி என்றால், தேர்வாகாத பிள்ளைக்கு வருடம் முழுக்க ஒரு நிமிடம்கூட இல்லை. பன்னிரண்டு பேர் உள்ள ஒரு வட்டத்தில் நாற்பது நிமிட பீரியட் கிடைத்தால், ஆளுக்கு ஒன்றரை நிமிடம் பேச்சு, ஒரு நிமிடம் கருத்து என்று வைத்தாலும் அரை மணி நேரத்தில் எல்லோரும் பேசி முடித்துவிடலாம். மாதத்துக்கு நான்கு முறை. ஒரு கல்வியாண்டில் தேர்வு, விடுமுறை, மழை லீவு எல்லாம் கழித்தாலும் இருபது முறைக்குக் குறையாது.

மேடை பயம் அறிவுரையால் போவதில்லை, பழக்கத்தால்தான் போகிறது. எழுந்து நின்ற முதல் சில நொடிகளில் நெஞ்சு படபடக்கும், வாய் உலரும், கை நடுங்கும். அப்படியே நின்று பேசிக்கொண்டே இருந்தால் அந்தப் படபடப்பு தானாகவே இறங்கத் தொடங்கும். அது இறங்கும் முன்பே, "சரி, உட்காரும்மா" என்று இரக்கப்பட்டு உட்கார வைத்தால், தப்பித்துப் போனதால்தான் பயம் விட்டது என்று அந்த உடம்பு கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை பயம் கூடும். அதனால் எங்கள் வட்டத்தில் ஒரு விதி: பேச்சு நின்று போனால் நிற்கலாம், மூச்சு வாங்கலாம், குறிப்புச் சீட்டைப் பார்க்கலாம். நேரம் முடியும்வரை உட்காரக் கூடாது. சிரிக்கவும் யாருக்கும் அனுமதி இல்லை. மனப்பாடம் வேண்டாம், சீட்டில் மூன்றே மூன்று சொற்கள் போதும். மறப்பதற்கு வரி இல்லை என்பதே பாதித் தைரியம்.

கூட்டத்தின் அமைப்பை டோஸ்ட்மாஸ்டர்ஸிலிருந்து எடுத்துக்கொண்டோம். மேடைப் பேச்சு பழகுவதற்காக 1924-இல் கலிஃபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய சங்கம் அது. அதில் உறுப்பினராக 18 வயது ஆகியிருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு கேவல் கிளப் என்று தனியாக வைத்திருக்கிறார்கள். நாங்கள் எதிலும் பதிவு செய்யவில்லை, முறையை மட்டும் பின்பற்றுகிறோம். நேரம் பார்க்க ஒருவர், பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகள், பேசியவருக்குக் கருத்துச் சொல்ல இன்னொரு மாணவர். "அம்ம்", "வந்து" எத்தனை தடவை வந்தது என்று எண்ணும் வேலையை மட்டும் முதல் பருவத்தில் வைப்பதில்லை. புதிதாகப் பேசுகிற பிள்ளையின் தடுமாற்றத்தை எண்ணிச் சொன்னால் வாயைத் திறக்கவே தயங்கும்.

இதை மாலையில் வைக்க நினைக்காதீர்கள். இருட்டுவதற்குள் பிள்ளைகள் வீடு சேர்ந்தாக வேண்டும். தேயிலைத் தோட்டத்து வழியில் காட்டெருமையும் கரடியும் வருகிற ஊர் இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பஸ்ஸையும் நம்ப முடியாது. பள்ளி நேரத்துக்குள்ளேயே ஒரு பீரியட் வாங்கிவிட வேண்டும். தலைமையாசிரியரைச் சம்மதிக்க வைப்பதுதான் இதில் கடினமான வேலை.

தலைப்பும் முக்கியம். "தாய்நாட்டின் பெருமை" என்று கொடுத்தால் பாடப்புத்தகம்தான் திரும்பி வருகிறது. பச்சைத் தேயிலை விலை ஏன் இறங்குகிறது, நீலகிரிக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு 2024-இல் வந்த இ-பாஸ் நமக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டுப் பாருங்கள். அப்பா ஆட்டோ ஓட்டும் பையனும் போக்குவரத்து நெரிசலில் பள்ளிக்குத் தாமதமாக வரும் பெண்ணும் எதிரெதிராக நின்று பேசுவார்கள். வீட்டில் படுகர்களின் மொழியான படுகு பேசும் பிள்ளைகள் இங்கே நிறைய. முதலில் சில வாரம் படுகும் தமிழும் கலந்தே பேசட்டும் என்று விட்டுவிடுகிறோம். மேடைத் தமிழ் அப்புறம் வரும்.

இந்த வழியிலும் குறை உண்டு. நடத்துகிற ஆசிரியர் மாறுதலில் போய்விட்டால் வட்டம் நின்றுவிடும் அபாயம் இருக்கிறது. அதனால் தலைமை தாங்குவது, அட்டை காட்டுவது, பட்டியல் வைத்திருப்பது எல்லாவற்றையும் மாணவர்களிடமே கொடுத்திருக்கிறோம். ஆங்கில உச்சரிப்பு இதனால் பெரிதாக மேம்பட்டது என்று என்னால் சொல்ல முடியாது. அதுதான் நோக்கம் என்றால் கட்டண வகுப்பே மேல். திக்கிப் பேசும் பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு அனுபவம் குறைவு. அவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி நிபுணரின் யோசனை இல்லாமல் இந்த "உட்காரக் கூடாது" விதியை வைக்காதீர்கள்.

போட்டியை விட்டுவிடவும் சொல்லவில்லை. வட்டத்தில் ஒரு வருடம் பேசிய பிள்ளையை அடுத்த வருடம் போட்டிக்கு அனுப்பலாம், தன் பேச்சைத் தானே எழுதும். பத்தாம் வகுப்பில் தொடங்கினால் தை பிறந்ததுமே பொதுத்தேர்வு நெருக்கிவிடும். ஒன்பதாம் வகுப்பு ஜூனில் தொடங்குவதே சரி.