ஆன் கிளிஃபர்ட்: 15 வயதா, 56 வயதா?

1646இல் இங்கிலாந்தின் ஆன் கிளிஃபர்ட் சீமாட்டி வரையச் செய்த ‘பெரும் படம்’ மூன்று பலகைகள் கொண்டது. நடுவில் பெற்றோரும் அண்ணன்மாரும். இரு புறமும் அவரே.

இடப்பக்கத்தில் 15 வயதுப் பெண்: இசைக்கருவி, ஒழுங்காக அடுக்கிய புத்தகங்கள், சுவரில் ஆசிரியரின் படம். அழகுதான். அந்த வயதில்தான் தந்தை இறந்து, சொத்தெல்லாம் சித்தப்பாவுக்குப் போனது.

எனக்குப் பிடித்தது வலப்பக்கத்து 56 வயது முகம். கறுப்பு உடை, தாறுமாறாகச் சரிந்த புத்தகங்கள், காலடியில் நாயும் பூனையும் (வீடு இப்படித்தானே இருக்கும்!). 1617இல் அரசர் ஜேம்ஸே வற்புறுத்தியும் உரிமையை விட்டுக்கொடுக்க மறுத்தவர் இவர். 1643இல் சித்தப்பா மகன் ஆண் வாரிசின்றி இறந்த பிறகே நிலம் கைக்கு வந்தது. இளம் ஆனிடம் இல்லாத பிடிவாதம் இந்த முகத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.