லெஃப்காராவா, ககோபெட்ரியாவா? சைப்ரஸில் ஒரே ஒரு மலைக் கிராமத்துக்கு நேரம் இருந்தால்

சைப்ரஸுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரையில் தங்கிவிட்டு, மலைக்கு ஒரு நாளை ஒதுக்குகிறார்கள். அந்த ஒரு நாளுக்கு எங்கே போவது என்று யாரைக் கேட்டாலும் மூன்று பெயர்கள் வரும்: லெஃப்காரா, ஓமொதோஸ், ககோபெட்ரியா. நானும் மனைவியும் இரண்டு முறை போயிருக்கிறோம். முதல் முறை லார்னகாவில் தங்கி மூன்றையும் இரண்டே நாளில் ஓடி ஓடிப் பார்த்தோம். இரண்டாம் முறை ககோபெட்ரியாவிலேயே மூன்று இரவு தங்கினோம். என் ஓட்டு ககோபெட்ரியாவுக்குத்தான். ஏன் என்று சொல்கிறேன்.

ஓமொதோஸை முதலில் முடித்துவிடலாம். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே கல் வீடுகள், ஊர் நடுவில் திருச்சிலுவை மடம், அதன் முன்னால் கல் பாவிய பெரிய சதுக்கம். கொண்டைக்கடலையைப் புளிக்கவைத்து, அந்த நுரையில் மாவு பிசைந்து செய்யும் அர்க்காதேனா என்ற ரொட்டி இந்த ஊரின் பெருமை. இரண்டு பை வாங்கினோம், லார்னகா திரும்புவதற்குள் தீர்ந்துவிட்டது. ஆனால் நாங்கள் போனது ஞாயிறு நண்பகல். சதுக்கம் முழுக்கச் சுற்றுலாப் பேருந்துக் கூட்டம். இரண்டு மணி நேரம்தான் இருந்தோம், அதை வைத்து ஊரைத் தீர்மானிப்பது சரியில்லை. ஒயின் ருசிப்பதுதான் நோக்கம் என்றால் இந்த ஊர்தான் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

போய்ச் சேர்வது எதற்கும் கஷ்டமில்லை. 1960 வரை பிரிட்டிஷார் கையில் இருந்த தீவு என்பதால் வண்டிகள் இடப்பக்கம்தான் ஓடுகின்றன. நம் ஊரில் ஓட்டிப் பழகியவர்களுக்கு அந்தப் பதற்றம் இல்லை. லெஃப்காரா நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. லார்னகாவிலிருந்து முக்கால் மணி நேரம் கூட ஆகாது. ககோபெட்ரியாவுக்கு நிக்கோசியாவிலிருந்து ஒரு மணி நேரம், கடற்கரையிலிருந்து இன்னும் கூடுதல்.

லெஃப்காராவைக் குறைத்துச் சொல்ல மனமில்லை. வெள்ளைச் சுண்ணாம்புக் கல் மலை, குறுகிய சந்துகள், நீல வண்ணக் கதவுகள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பெண்கள் துணியில் நூல் எண்ணி எண்ணிப் பின்னுகிறார்கள். லெஃப்காரித்திகா என்ற இந்தப் பின்னல் வேலையை 2009இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. 1481இல் லியொனார்தோ டா வின்சி இங்கே வந்து மிலான் பேராலயத்துக்கு ஒரு விரிப்பு வாங்கிப் போனார் என்று ஊரில் சொல்கிறார்கள். கதை என்ற அளவில் கேட்டுக்கொள்ளலாம். வாங்குவதானால் அவசரப்பட வேண்டாம், துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். எங்களுக்குக் காட்டிய அம்மாள் அதைத்தான் முதலில் செய்தார்: முன்பக்கம் எவ்வளவு சுத்தமோ பின்பக்கமும் அவ்வளவு சுத்தம். மதியச் சாப்பாட்டுக்குத் தவாஸ் கேளுங்கள். ஆட்டுக்கறி, அரிசி, வெங்காயம், தக்காளி, கை நிறையச் சீரகம் போட்டு மண்சட்டியில் அடுப்பில் வேகவைத்தது. அந்தச் சீரக வாசனைக்கு எனக்கு வீட்டு ஞாபகமே வந்துவிட்டது.

இவ்வளவு இருந்தும் லெஃப்காரா அரை நாள் ஊர்தான். மூன்று மணி நேரத்தில் சந்து, கடை, தேவாலயம், சாப்பாடு எல்லாம் முடிந்துவிடும். முதுகெலும்பாக இருப்பது கடைகள். அவை மூடினால் நமக்கு அங்கே வேலை குறைவு.

ககோபெட்ரியாவில் கணக்கு வேறு. ட்ரூடோஸ் மலையின் வடக்குச் சரிவில், ஏறத்தாழ 670 மீட்டர் உயரத்தில், இரண்டு ஓடைகள் சேரும் இடத்தில் இருக்கிறது ஊர். பழைய பகுதியில் மண்சுவர் வீடுகள், தெருவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மர பால்கனிகள், கீழே எப்போதும் தண்ணீர்ச் சத்தம். அழகுதான். ஆனால் அந்த ஊரை நான் தேர்ந்தெடுப்பது அதன் அழகுக்காக அல்ல, சுற்றியிருக்கும் தேவாலயங்களின் சாவிக்காக.

ட்ரூடோஸில் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள சுவரோவியத் தேவாலயங்கள் பத்து. 1985இல் ஒன்பது, 2001இல் ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் தானியக் களஞ்சியம் என்று நினைத்துக் கடந்துபோய்விடுவீர்கள். மழை, பனியிலிருந்து காக்க, உள்ளே இருக்கும் கல் வளைவுக்கு மேல் சரிவான மரக்கூரை போட்டுத் தட்டையான ஓடு வேய்ந்திருக்கிறார்கள். ககோபெட்ரியாவுக்குப் பக்கத்துத் தேவாலயத்தின் பெயரே ‘கூரையின் புனித நிக்கோலஸ்’. பதினோராம் நூற்றாண்டுக் கட்டடம். அதன் சுவர்களில் அறுநூறு ஆண்டு ஓவியங்கள், ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு கை. குழந்தைக்குப் பாலூட்டும் மரியாளைப் பார்த்தபடி என் மனைவி கால் மணி நேரம் நின்றாள். அடுத்த ஊரான கலாதாவில் 1502இல் கட்டிய பொதீத்து தேவாலயம். அப்போது தீவு வெனிஸ்காரர்களிடம் இருந்தது. அங்கிருக்கும் சிலுவைக் காட்சியில் இத்தாலிய ஓவியத்தின் சாயல் நன்றாகவே தெரிகிறது. 1106 வாக்கில் தீட்டிய ஓவியங்கள் உள்ள அசீனு தேவாலயமும் வண்டியில் எட்டும் தூரம்தான்.

இவற்றை ஒரு நாள் பயணத்தில் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதை முதல் முறை பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். மதியம் லிமசோலில் கிளம்பி, வளைவுகளில் மெதுவாக ஏறி, நான்கேகாலுக்குப் புனித நிக்கோலஸ் வாசலில் போய் நின்றோம். நான்கு மணிக்கே பூட்டியாயிற்று. கலாதாவுக்கு ஓடினோம், அங்கும் பூட்டு. அங்கே சாவி காவலரிடம் இருக்கிறது, அவரைக் காப்பிக்கடையில் விசாரிக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. கதவை மட்டும் பார்த்துவிட்டு இருட்டில் இறங்கினோம்.

இரண்டாம் முறை அங்கேயே தங்கியதால் எல்லாம் எளிதாயிற்று. முதல் நாள் மாலையே காப்பிக்கடையில் சொல்லி வைத்தோம். மறுநாள் காலை ஒரு பெரியவர் தன் பழைய பிக்கப்பில் வந்தார், கதவைத் திறந்தார், விளக்கைப் போட்டார், ஒரு வார்த்தை பேசாமல் வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே நாங்கள் இருவர் மட்டும். அவசரப்படுத்த யாரும் இல்லை. இதற்காகத்தான் தங்கச் சொல்கிறேன். சாவி வைத்திருப்பவரின் நேரத்துக்கு நாம் ஒத்துப்போக வேண்டும். அதற்கு அந்த ஊரில் இரவு தங்கியிருக்க வேண்டும். லெஃப்காராவில் தங்கினால் காலையில் மீண்டும் அதே கடைகள்தான். இங்கே ஒவ்வொரு காலைக்கும் ஒரு கதவு காத்திருக்கிறது.

மாலையும் வீணாவதில்லை. நிக்கோசியாக்காரர்கள் ஓடைக்கரையில் டிரவுட் மீன் சாப்பிட வருகிறார்கள். ஆசி வேண்டி ஏறி உட்கார்ந்த புதுமணத் தம்பதியரை நசுக்கியதாகச் சொல்லப்படும் பெரும்பாறையும் அங்கேயே நிற்கிறது. ‘கெட்ட கல்’ என்ற ஊர்ப்பெயருக்குச் சொல்லப்படும் கதை அது.

சில எச்சரிக்கைகள். பழைய தெரு செங்குத்து, கல் பாவியது. முழங்கால் வலி உள்ள பெற்றோரைக் கூட்டிப்போனால் புதிய பகுதியில் அறை எடுங்கள். நாங்கள் போனது இரண்டு முறையும் ஏப்ரலில். ஆகஸ்ட் கூட்டத்தையும் ஜனவரிப் பனியையும் நான் அனுபவித்ததில்லை. நாங்கள் போனபோது புனித நிக்கோலஸ் திங்கட்கிழமை மூடியிருந்தது, ஞாயிறு பதினோரு மணிக்குத்தான் திறந்தார்கள். கட்டணம் இல்லை, வாசலில் உண்டியல் உண்டு. உள்ளே படம் எடுக்க விடுவதில்லை.

கையில் நிஜமாகவே அரை நாள்தான் இருக்கிறதா? அப்போது யோசிக்காமல் லெஃப்காராவுக்குப் போங்கள். ஓர் இரவு ஒதுக்க முடியுமானால் ககோபெட்ரியா, அதுவும் செவ்வாய் முதல் சனி வரை ஏதாவது ஒரு காலை கிடைக்கும்படி.