100 ஏ.எச். என்று விற்ற பேட்டரிக்குள் பாதிதான் இருந்தது: படகு மோட்டாருக்கு லித்தியம் வாங்குபவர்கள் கவனிக்கவும்

சின்னப் படகுக்கு எலக்ட்ரிக் ட்ரோலிங் மோட்டார் வாங்கிவிட்டு, அதற்கு லித்தியம் பேட்டரி தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில் ஒரு கடையில் 24,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, 100 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர், பேட்டரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்கிற அளவு) என்று ஸ்டிக்கர் ஒட்டிய பேட்டரியை எங்களுக்குக் கொடுத்தார்கள். அதில் பாதிகூட இல்லை.

எங்களுக்குப் பழவேற்காடு. அண்ணனும் நானும் ஏரியில் நண்டு வலைக்குப் போகிறோம். ஏரி பல இடங்களில் இடுப்பளவுதான் என்பதால் ஃபைபர் படகுக்கு இந்த மோட்டார் நன்றாகவே ஒத்துவரும். எங்களுடையது 12 வோல்ட், 55 பவுண்டு தள்ளுவிசை. முழு வேகத்தில் 50 ஆம்ப் இழுக்கும் என்று அதன் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கடைக்காரரிடம் காட்டித்தான் பேட்டரி கேட்டோம். "நூறு ஏ.எச். தம்பி, ரெண்டு மணி நேரம் ஃபுல் ஸ்பீடுல போலாம், மூணு வருஷம் வாரண்டி" என்றார்.

மெதுவாகப் போனால் மோட்டார் ஓடும். வேகத்தைக் கூட்டினால் சில நொடிகளில் நின்றுவிடும். அணைத்துவிட்டுப் போட்டால் ஓடும், திரும்பவும் நிற்கும். ஏரிக்குள் நின்றால் கழி ஊன்றிக் கரை சேரலாம். ஒருநாள் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் கடலுக்கு இழுக்கிற நேரம் பார்த்து நின்றது. அண்ணன் கழியை ஊன்றிப் படகைப் பிடித்துக்கொள்ள, நான் நங்கூரத்தைப் போட்டேன். பின்னால் வந்த மாமா ஒருவர் தன் படகில் கட்டி இழுத்து வந்தார். கழி எட்டாத ஆழத்தில் நின்றிருந்தால் அலை உடைகிற இடத்துக்கே போயிருப்போம். பணம் போனதைவிட எனக்கு ஆத்திரம் இதில்தான். படகுக்கு என்று தெரிந்தே இப்படி ஒரு பெட்டியைக் கொடுத்திருக்கிறார்கள்.

கடைக்குப் போன் செய்தால், "உப்புத் தண்ணி பட்டிருக்கும், அதுக்கு வாரண்டி கிடையாது" என்று வைத்துவிட்டார். டெர்மினலில் ஒரு பொட்டுத் துருகூட இல்லை.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகச் சோதித்தோம். முதலில் நண்டு எடைபோடுகிற தராசில் வைத்தோம்: 6.8 கிலோ. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 12.8 வோல்ட், 100 ஏ.எச். என்றால் பெட்டியோடு சேர்த்து சுமார் 9 முதல் 13 கிலோ வரை இருக்கும். பெரும்பகுதி செல்லுக்குள் இருக்கும் பொருளின் எடை, அதைப் பெரிதாகக் குறைக்க வழியில்லை. "எங்களுது லேட்டஸ்ட் மாடல், வெயிட் கம்மி" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்து பல்பு சோதனை. காருக்குப் போடுகிற 55 வாட் ஹாலஜன் பல்பு நான்கை இணையாகக் கட்டி, முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியில் மாட்டினோம். நான்கும் சேர்ந்து கிட்டத்தட்ட 18 ஆம்ப் இழுக்கும். உண்மையான 100 ஏ.எச். என்றால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டும். எங்களுடையது இரண்டரை மணி நேரம்கூடத் தாண்டவில்லை. மல்டிமீட்டரில் வோல்டேஜ் மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. இந்த வகை பேட்டரி கடைசி வரை 13 வோல்ட் பக்கத்திலேயே காட்டிவிட்டுக் கடைசியில் சட்டென்று விழும்.

வாரண்டி இல்லை என்று அவரே சொல்லிவிட்டதால், இ-ரிக்‌ஷா பேட்டரி சரிசெய்கிற நண்பரிடம் கொடுத்து வீடியோ எடுத்துக்கொண்டே திறந்தோம். (நீங்களாகத் திறக்காதீர்கள், ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.) மேல் பாதி முழுக்க ஃபோம் அட்டை. கீழே 32650 என்கிற உருளை செல்கள் 32. ஒவ்வொன்றும் 6 ஏ.எச். என்று வைத்தாலும், 12.8 வோல்ட்டுக்காக நான்கு நான்காகத் தொடராகக் கோத்தால் எட்டு வரிசைதான், 48 ஏ.எச்.தான் வரும். 100 வேண்டுமென்றால் 68 செல் இருக்க வேண்டும். செல்களின் உறை ஒன்று நீலம், ஒன்று பச்சை. முனைகளில் பழைய வெல்டிங்கைப் பிய்த்த தடம் அப்படியே தெரிந்தது. எங்கோ ஓடிக் கழித்த பேட்டரியிலிருந்து எடுத்தவை. கரண்ட் அளவு மீறினால் துண்டிக்கிற பாதுகாப்பு போர்டில், அதாவது பி.எம்.எஸ்.ஸில், 40 ஆம்ப் என்று அச்சிட்டிருந்தது. 50 ஆம்ப் மோட்டாருக்கு 40 ஆம்ப் போர்டு. வேகம் கூட்டும்போதெல்லாம் மோட்டார் ஏன் நின்றது என்பது அங்கேயே புரிந்துவிட்டது.

அதனால் ஏ.எச். எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். பி.எம்.எஸ். தொடர்ந்து எத்தனை ஆம்ப் தாங்கும் என்று கேளுங்கள். 55 பவுண்டு மோட்டாருக்கு 100 ஆம்ப் போர்டு இருந்தால் நிம்மதி. வோல்ட், ஏ.எச்., செல் வகை, போர்டின் ஆம்ப், சீரியல் நம்பர் எல்லாம் ஜி.எஸ்.டி. பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எங்களுக்குத் தந்த பில்லில் "பேட்டரி 1" என்பதைத் தவிர எதுவும் இல்லை. எழுத மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம். பழைய ஈய பேட்டரி சார்ஜரையே போட்டுக்கொள்ளலாம் என்பார்கள், அதையும் கேட்காதீர்கள். 14.6 வோல்ட்டில் நிறுத்துகிற லித்தியம் சார்ஜர்தான் வேண்டும்.

லித்தியமே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒன்று. கார் பேட்டரியைப் "படகுக்கு" என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். அது வண்டியை ஸ்டார்ட் செய்ய சில நொடி பெரிய கரண்ட் கொடுப்பதற்காக மெல்லிய தகடு வைத்துச் செய்தது. முழுக்க இறக்கி இறக்கி ஏற்றினால் சில மாதத்தில் போய்விடும். இன்வெர்ட்டர் ட்யூபுலர் அதைவிட உழைக்கும், ஆனால் 150 ஏ.எச். என்றால் 50 கிலோவுக்கு மேல். ஆடுகிற படகில் ஆசிட் தளும்பும். மேலும் ஈய பேட்டரியில் போட்டிருக்கும் ஏ.எச். இருபது மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைக்கிற கணக்கு. 50 ஆம்ப் இழுத்தால் அதில் நல்ல பங்கு கிடைக்காது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் வசிக்கிற மாவட்டத்திலேயே மனு போடலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 10,000 ரூபாய் தருகிறேன், விட்டுவிடுங்கள் என்று கடைக்காரர் இப்போது ஆள் அனுப்புகிறார். முழுத் தொகையும் வராமல் விடப்போவதில்லை. எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கம் சமீபத்தில் லித்தியம் வாங்கியவர்கள் முதலில் எடை போட்டுப் பாருங்கள். 8 கிலோவுக்குக் கீழே இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். ஒரே குறையுள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே மனுவாகப் போட சட்டத்தில் இடம் இருக்கிறது.