பொட் கணக்குகளைத் தேடும் கட்டளை வரிக் கருவிகள்: கிளிநொச்சியிலிருந்து ஓர் அனுபவம்

ட்விட்டரில் (இப்போது எக்ஸ்) ஒரு வதந்தி ஓடத் தொடங்கினால், அதைத் தள்ளிக்கொண்டு போவது ஆளா, தானாக இயங்கும் ‘பொட்’ கணக்கா என்று பார்க்க நான் பல வருடமாகப் பாவித்தது ட்வீட்ஸ் அனலைசர் என்ற சின்ன பைதன் கருவி. தேவைப்பட்டபோது, ஒரு கணக்கு எவ்வளவு பொட் போல நடக்கிறது என்று மதிப்பெண் தந்த, இந்தியானா பல்கலைக்கழகத்தின் பொட்டோமீட்டரையும் டர்மினலிலிருந்தே, அதாவது கட்டளைகளைத் தட்டெழுதும் திரையிலிருந்தே, ஓட்டிப் பார்த்தேன். படமும் விளம்பரமும் இல்லாமல் வெறும் எழுத்தாக வந்ததால், பழைய மடிக்கணினியும் கைத்தொலைபேசி ஹொட்ஸ்பொட்டும் போதுமாக இருந்தன. எங்கள் பக்கத்து இணைய இணைப்புக்கு இது பெரிய விஷயம்.

கணக்கின் பெயரைக் கொடுத்தால் ட்வீட்ஸ் அனலைசர் அதன் அண்மைப் பதிவுகளை இழுத்து, எந்த மணிக்கு எவ்வளவு எழுதுகிறது, எந்தச் செயலியிலிருந்து எழுதுகிறது, யாரை அதிகம் மறுபகிர்கிறது என்று பட்டைகளாகக் காட்டியது. நான் முதலில் பார்ப்பது மணிப் பட்டையைத்தான். மனிதர் என்றால் நித்திரை கொள்வார். பட்டையில் ஐந்தாறு மணிநேரப் பள்ளம் தெரியவேண்டும். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை போனபோது, எங்கள் ஊர் ஆட்களின் பட்டைகள் அங்கங்கே அறுந்து கிடந்தன. இடம் ‘கிளிநொச்சி’ என்று போட்டிருந்த சில கணக்குகள் மட்டும் குறையாமல் ஓடின. அதை வைத்துப் பொட் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் இங்கேயிருந்து எழுதவில்லை என்று சந்தேகப்பட அது நல்ல காரணம்.

பள்ளம் எந்த மணியில் விழுகிறது என்பதையும் பார்க்கவேண்டும். இலங்கை நேரப்படி விடிய மூன்று மணிக்கு மும்முரமாக எழுதும் கணக்கு, பெரும்பாலும் ரொறன்ரோவில் பின்நேரம் வேலை முடிந்து வந்த எங்கட ஆள்தான்.

பொட்டோமீட்டர் ஒரே நேரத்தில் இரண்டு மதிப்பெண் தந்தது: ஆங்கிலக் கணக்குகளுக்கு ஒன்று, மொழி சாராதது இன்னொன்று. தமிழ்க் கணக்குக்கு இரண்டாவதைத்தான் பார்க்கவேண்டியிருந்தது. முதலாவது ஆங்கிலச் சொற்களின் தன்மையையும் சேர்த்துக் கணக்கிட்டதால் தமிழில் அதற்குப் பொருளே இருக்கவில்லை. இதைக் கவனிக்காமல் மதிப்பெண்ணைப் படம் பிடித்து ‘இவர் பொட்’ என்று பரப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

ஏனென்றால், ஒரே பதிவைத் திரும்பத் திரும்பப் போடுவது பொட்டின் அடையாளம் என்று எல்லா வழிகாட்டியிலும் இருக்கும். இங்கே காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் நடத்தி வருகிறார்கள். ஒரு பிள்ளையின் அதே படத்தை, அதே வசனத்தோடு, ஏறக்குறைய அதே நேரத்தில் நாள்தோறும் போடும் ஒரு தாயின் கணக்கு கருவியின் கண்ணுக்கு அச்சொட்டாகப் பொட்தான். அந்தத் தாயிடம் போய் நீ மனுசி இல்லை என்று சொல்வதா? 2018 டிசம்பர் வெள்ளத்தைப் போல ஒரு நிலைமை வந்து, இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கிறார்கள் என்ற அறிவித்தலை ஆளுக்காள் அப்படியே ஒட்டிப் பகிர்ந்தாலும் இதே கதைதான். ஆகவே ஒரே வசனம் என்பதை மட்டும் வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. மணிப் பட்டை, கணக்குத் தொடங்கிய திகதி, யாருக்காவது மறுமொழி எழுதியிருக்கிறதா என்ற மூன்றையும் சேர்த்தே பார்ப்பேன். யாழ்ப்பாணத் தமிழில் கேட்டதற்கு அதே பேச்சில் பதில் சொல்கிறதா என்று வாசித்துப் பார்க்கிற வேலையை எந்தக் கருவியும் செய்யாது.

2023இல் ட்விட்டர், கருவிகள் பதிவுகளை இழுத்தெடுக்கும் வழியான தன் இலவச ஏபிஐயை மூடியதோடு இரண்டு கருவியும் எனக்குப் பயன்படாமல் போயின. காசு கட்டி வாங்க எங்களைப் போன்ற சிறு குழுக்களால் முடியாது. மிஞ்சியது ஒரு நல்ல வழி. பதிவின் முகவரியில் இருக்கும் நீண்ட எண்ணுக்குள்ளேயே நேரம் இருக்கிறது. அதை 22 பிட் வலப்பக்கம் நகர்த்தி (அதாவது 4194304ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டு) 1288834974657ஐக் கூட்டினால், பதிவு வந்த நேரம் 1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் மில்லிசெக்கன் கணக்கில் கிடைக்கும். 2010 நவம்பருக்குப் பிந்திய பதிவுகளுக்கு இது சரிவரும், யாருடைய அனுமதியும் தேவையில்லை. முகவரிகளைக் கையால் சேர்த்து ஒரு கோப்பில் போட்டால், மணிப் பட்டையை நாமே வரைந்துகொள்ளலாம். அலுப்பான வேலைதான், ஆனால் பலன் உண்டு. பத்துக் கணக்குகள் ஒரே செக்கனுக்குள் ஒரே பதிவை மறுபடி மறுபடி போடுவது அதில் பளிச்சென்று தெரியும்.

ட்விட்டரைப் போன்ற மஸ்ரடொன், புளூஸ்கை இரண்டிலும் பொதுப் பதிவுகளைப் பெரும்பாலும் அனுமதிச் சாவி எதுவும் இல்லாமல், இணையத்திலிருந்து தரவை இறக்கும் கேர்ள் (curl) கட்டளையால் எடுக்கலாம். மஸ்ரடொனில் பொட் என்று தானே அறிவித்துக்கொள்ள கணக்கு விபரத்தில் ஓர் இடமும் இருக்கிறது. ஏமாற்ற நினைப்பவர் அதை நிரப்பப்போவதில்லை, ஆனாலும் வானிலைக் கணக்குகளையும் செய்திக் கணக்குகளையும் முதலிலேயே ஒதுக்கிவிட உதவும்.

வன்னியில் பெரும்பாலான கதை நடப்பது முகநூலிலும் வட்சப்பிலும். அங்கே இந்தக் கருவிகள் உள்ளே போகாது. முகநூல் வதந்திக்காக இதைப் படிக்க நினைப்பவர்கள் நேரத்தை வீணாக்கவேண்டாம். ட்விட்டரில் தேர்தல் காலத்தைக் கவனிப்பவர்கள், கொஞ்சம் பைதன் தெரிந்தவர்கள், பதிவு எண்ணிலிருந்து நேரத்தை எடுக்கும் அந்த வழியிலிருந்து தொடங்கலாம்.